பிட்டர்வெல்லின் சோம்பேறி

"இதுக்குப் பேரு நகைச்சுவையா, மிஸ்டர் பிக்ஸ்பி?"

கோரா டீச்சர் பெட்ரோல் பங்க்குக்குள் நுழைந்ததுமே காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அங்கே இருந்த ஏழெட்டுப் பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

பங்க்கை நடத்தும் ஆர்லோ பிக்ஸ்பி வாராவாரம் ஒரு தாள் நகைச்சுவை அச்சடித்து, பெட்ரோல் போட வருகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுப்பார். அரிசோனா பாலைவனத்தில் பிட்டர்வெல் என்று ஓர் ஊர் இருப்பது வெளியே தெரிந்ததே அந்தத் தாளால்தான். அதில் தவறாமல் அடிபடுகிறவர் வெர்ஜில் ஸ்டோக்ஸ், 'ஊரின் முதல் சோம்பேறி'.

'நிழல் நகர்ந்தால்தான் ஸ்டோக்ஸ் நகர்வார். மேகம் மூடிய நாளில் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்க மாட்டார்.'

ஊருக்குப் புதிதாக வந்த கோராவும் முதலில் சிரித்தவள்தான். முந்தின நாள்தான் ஸ்டோக்ஸை நேரில் பார்த்தாள். குழாயடியிலிருந்து அரை வாளித் தண்ணீர் தூக்கி வந்தவர், நாலு எட்டு வைப்பதும் உட்கார்ந்து இருமுவதுமாக இருந்தார். இருபது வருடச் சுரங்க வேலை. நெஞ்சு முழுக்கத் தூசி. இன்னும் ஒரு கோடை தாங்கினால் அதிகம் என்று ஊர் டாக்டர் அவளிடம் சொன்னார்.

இன்றைக்குத் தாளில் இது வந்திருந்தது:

'மூன்று நாளாக ஒரு பிணந்தின்னிக் கழுகு ஸ்டோக்ஸின் தலைக்கு மேல் வட்டமடித்தது. நான்காம் நாள் அவர் கொட்டாவி விட்டதைப் பார்த்து, ஏமாந்துபோய்ப் பறந்துவிட்டது.'

"சாகப்போற மனுஷனைப் பார்த்துக் கழுகு ஜோக்கா? உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

ஆர்லோ கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"தப்புதான் டீச்சர்."

"அவரைப் பத்தி இனிமே ஒரு வரி வரக்கூடாது."

"வராது."

"அவர்கிட்ட மன்னிப்பும் கேளுங்க!"

"சரிங்க."

இவ்வளவு நாள் விழுந்து விழுந்து சிரித்தவர்களும், "டீச்சர் கேட்டது நியாயம்தானேப்பா" என்று அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள்.

அடுத்த மூன்று வாரமும் தாளில் ஸ்டோக்ஸ் இல்லை. சிரிப்பும் இல்லை. 'எங்கள் ஊரில் வெயில் அதிகம்' என்பதையே ஆர்லோ மூன்று விதமாக எழுதியிருந்தார். காரில் வந்தவர்கள், "எங்க உங்க சோம்பேறி?" என்று கேட்டுவிட்டுத் தாளை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். கோராவுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

நான்காவது வாரம், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, ஸ்டோக்ஸ் பள்ளிக்கூடம் வரை நடந்து வந்துவிட்டார். படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கோரா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே!"

அவர் ஒரு வாய் குடித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். பென்சிலில் எழுதியிருந்தது:

'புது டீச்சர் வந்ததிலிருந்து ஸ்டோக்ஸ் கெட்டுப்போய்விட்டார். நேற்று யாரும் தூக்கிவிடாமல் தானே எழுந்து நின்றார்.'

கோராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சட்டென்று அடக்கிக்கொண்டாள்.

"அந்த ஆளு இன்னும் திருந்தலையா? வாக்குக் கொடுத்தாரே!"

"ஆர்லோவா? நல்லவன்தான். ஆனா அவன் எழுதினா இப்படியா இருக்கும்? மூணு வாரமா பார்த்தீங்களே!"

கோரா காகிதத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அப்போ... கழுகு?"

"அதை எழுத எனக்கு ரெண்டு நாள் ஆச்சு டீச்சர். என்னால முடியற வேலை இது ஒண்ணுதான்."

"அத்தனை பேர் முன்னால திட்டினேனே! அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"வெளியே சொல்லக்கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன்."

"ஏன்? உங்க பேரையே போட்டுக்கலாமே?"

ஸ்டோக்ஸ் இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"போட்டா எவன் சிரிப்பான் டீச்சர்? எல்லாரும் என்னை, இப்ப நீங்க பார்க்கறீங்களே, இப்படித்தான் பார்ப்பாங்க."