ஒரு நாளைக்குப் பத்தாயிரம் சொல்

குழந்தையின் காதில் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் சொல் விழ வேண்டும் என்பது சட்டம். குறைந்தால் காப்பகத்துக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். ஒன்றரை வயது நிறைமதியின் கையில் கட்டிய பட்டை அதை எண்ணிக்கொண்டிருந்தது.

பட்டையைச் சோதிக்க அதிகாரியம்மா வரும் நாளன்று கட்டடத்தில் தளம் போடும் வேலை. நிறைமதியின் அம்மா, சித்தாள் அஞ்சலை எல்லாரிடமும் கெஞ்சினாள்.

"யாரும் கெட்ட வார்த்த பேசிராதீங்கண்ணே. எம்புள்ளயப் புடுங்கிருவாங்க."

கெட்ட வார்த்தை இல்லாமல் அங்கே யாருக்கும் பேச வராது. இருபது பேரும் வாயை மூடிக்கொண்டு கலவைச் சட்டியைக் கைமாற்றினார்கள்.

மதியம் வந்த அதிகாரியம்மா பட்டையைப் பார்த்தார். "நூறு சொல்கூட விழலையேம்மா."

அஞ்சலை அழத் தொடங்கினாள். அதைப் பார்த்த மேஸ்திரி வேலாயுதம் சட்டியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். வலியில் சட்டியின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். ஆளாளுக்குக் கிண்டல் செய்தார்கள். அவர் ஒருத்தரையும் விடவில்லை. அதிகாரியம்மா காத்திருக்க, சாயங்காலத்துக்குள் பத்தாயிரம் நிறைந்து பட்டை பச்சையாகிவிட்டது.

நிறைமதி கைகொட்டிச் சிரித்து, மேஸ்திரியின் வசவு ஒன்றைப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். அஞ்சலைக்கு உயிரே போயிற்று.

"ரெண்டு வார்த்தைய சேத்துப் பேசுறா. நல்ல வளர்ச்சி, இங்கயே இருக்கட்டும்" என்று அதிகாரியம்மா படிவத்தில் எழுதினார். "என்ன வார்த்தைன்னு எழுத இதுல எடமில்ல."