யோனத்தானுக்கு ஒரு சொல்

கசாமா ஊர்த் தேவாலயத்தின் தகரக் கூரையில் மதிய வெயில் கொதிக்கிறது. மேசையில் வேர்க்கடலைத் தோல், பாதி குடித்த குவளைகள், பெம்பா மொழியில் புதிதாகப் பெயர்த்த வேதாகமத் தாள்கள். சரிபார்க்க வந்திருக்கும் மூப்பர் முத்தாலே, போரில் இறந்துபோன உயிர்நண்பன் யோனத்தானுக்காகத் தாவீது அழும் இடத்தில் விரலை வைக்கிறார். “ஏம்ப்பா முசோண்டா, பொண்டாட்டிகிட்ட சொல்ற வார்த்தையை ரெண்டு ஆம்பளைக்கு நடுவுல போட்டிருக்கியே! யோனத்தான் வீட்டுல பரிசம் பேசப் போறியா?” எல்லோரும் மேசை குலுங்கச் சிரிக்கிறார்கள். முசோண்டா பென்சிலைப் பிடித்தபடி எதிரே இருக்கும் போதகர் லோம்பேயைப் பார்க்கிறான். இந்த வசனத்துக்கு இந்தச் சொல்தான் பொருத்தம் என்று போன வாரம் ஆற்றங்கரையில் சொன்னவர் அவர்தான். முசோண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“நீங்க சொல்லுங்க போதகரே, இது சரியா?” மூப்பர் லோம்பே பக்கம் திரும்புகிறார்.

லோம்பேயின் காது மடல் எரிகிறது. கடலைத் தோலை ஒரு விரலால் ஒதுக்கிக்கொண்டே இருக்கிறார். “அவன் ஏதோ அவசரத்துல எழுதிட்டான், மூப்பரே. அழிச்சிரலாம்.” சொல்லிவிட்டு அவரும் சிரித்துவைக்கிறார்.

தாள் கிழியாமல், ஒவ்வொரு எழுத்தாக முசோண்டா அழிக்கிறான். பள்ளிக்கூட நாளிலிருந்து லோம்பேயைப் பெயர் சொல்லியே கூப்பிட்டவன், தலை நிமிராமல் கேட்கிறான்:

“வேற என்ன போடட்டும், போதகர் ஐயா?”