இன்ஜினுக்கு ஒன்றுமில்லை

"இன்ஜின் சத்தம் சரியில்லன்னுதானே உங்க அண்ணன் சொன்னான்? நீ என்னடான்னா ஸ்பீக்கரை மாத்திக்கிட்டு இருக்கே. கால் வலிக்குதுன்னவனுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்த கதையால்ல இருக்கு!"

வேலிக்கு அப்பால், காப்பிக் கோப்பையுடன் நின்றிருந்த காசியானோ இவ்வாறு கேட்டார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பிறர் வாகனத்தைப் பற்றிக் கருத்துரைப்பதிலிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

எரிபெர்த்தோவின் இரண்டு கால்கள் மட்டுமே காருக்கு வெளியே நீண்டிருந்தன. தலை, ஸ்டியரிங்கிற்கு அடியில் எங்கோ இருந்தது.

"இன்ஜினுக்கு ஒண்ணும் இல்ல மாமா. ஸ்பீக்கர்தான் சரியில்ல" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

தீவின் யாவுக்கோ என்ற ஊரின் மலைச்சரிவில் அந்தச் சிவப்புப் பந்தயக் காரை அறியாதவர் எவருமிலர். இருக்கைகள் இரண்டே, வயதோ முப்பதைக் கடந்துவிட்டது. அதன் உரிமையாளன் அண்ணன் எஃப்ரைன். வேலை தேடிச் சிகாகோவுக்குப் புறப்பட்டபோது, அழுதுகொண்டே அதனைத் தம்பியிடம் ஒப்படைத்தான். நிபந்தனை ஒன்றே: ஞாயிறுதோறும் தொலைபேசியில் அவன் அந்த இன்ஜினின் உறுமலைக் கேட்க வேண்டும். படம் தேவையில்லை, இன்ஜினைக் காதால்தான் அறிய வேண்டும் என்பது அவனது கொள்கை.

"போன வாரம் நானும் இங்கதான்டா நின்னேன். 'என்னடா தம்பி, தகர டப்பாவை உருட்டுற மாதிரி கேக்குது? அடுத்த ஞாயிறும் இப்படியே இருந்தா, காரைப் பொன்செ டவுன்ல இருக்கற கமாலியேலுக்குக் கொடுத்துருவேன்'னு சொன்னானா இல்லையா?"

"சொன்னாரு."

"உன் சித்தி மகனைப் பத்தி எனக்குத் தெரியாதா? கார் கைக்கு வந்த மறுநாளே கிளிப்பச்சை பெயிண்ட் அடிச்சு நிறுத்துவான்!"

கால்கள் இரண்டும் ஒருமுறை உதறிக்கொண்டன. எரிபெர்த்தோ வெளியே வந்தான். முகமெங்கும் கறுப்பு, கையில் பேனாக்கத்தி.

"எர்த் வயர் மேல பெயிண்ட் ஒட்டியிருந்துச்சு மாமா. அதான் 'ங்ங்ங்'னு ஒரு இரைச்சல். சுரண்டிட்டேன். இனிமே பாருங்க, கொசு தும்மினாக்கூடத் தெளிவாக் கேக்கும்."

"நாசமாப் போச்சு! நாலு பெரிய ஸ்பீக்கர் தூக்கிட்டு வந்தியே, இந்தத் தீப்பெட்டிக்குள்ள எங்கடா வச்சே?"

"இடமா இல்ல? நிறையவே இருக்கு மாமா."

"சரி, பானட்டைத் திற. இன்ஜினை நானே பாக்கறேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன்."

"ஐயோ, வேணாம்! அண்ணன் யாரையும் தொட விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

காசியானோ பெருமூச்சு விட்டார். "என்னமோ பண்ணு. ஆனா சத்தத்தை மட்டும் கூட்டாதே. என் கர்னல் செத்ததுல இருந்து இந்தத் தெருவுல காலையில எழுப்ப நாதியில்ல. நீதான் மத்தியானத் தூக்கத்தையும் கெடுக்கறே."

கர்னல் என்பது அவருடைய சேவல். தவக்காலத்தில் அதனை மாமரத்தடியில் அடக்கம் செய்ததிலிருந்து அவர் முகத்தில் களையில்லை.

"நல்ல சேவல் மாமா அது."

"சேவலாடா அது? கூவி முடிக்கறப்போ ஒரு விக்கல் விக்குமே, இந்தத் தீவுல வேற எந்தச் சேவலுக்குடா அது வரும்?"

தொலைபேசி ஒலித்தது. எரிபெர்த்தோ பேனாக்கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு, இருவருக்கும் கேட்கும்படி அதை எடுத்தான். எஃப்ரைன்தான்.

"டேய் தம்பி, எண்ணெய் ஊத்துனியா? இந்த இன்ஜின் பெட்ரோல் மட்டும் இல்ல, எண்ணெயும் குடிக்கும். மறந்தே, கருகிப் போயிடும்!"

"தெரியும்ணே" என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி.

"கமாலியேல் கயிறோட தயாரா நிக்கறான். சத்தம் சரியில்லன்னா இன்னைக்கே கட்டி இழுத்துட்டுப் போயிடுவான். ஸ்டார்ட் பண்ணு!"

"மாமா, போனைப் பிடிங்க. பின்னாடி இல்ல, முன்பக்கமா நில்லுங்க."

எரிபெர்த்தோ இருக்கையில் அமர்ந்து, சிலுவைக் குறி இட்டுக்கொண்டு, சாவியைத் திருப்பினான். மலைச்சரிவே அதிரும்படி ஓர் உறுமல் எழுந்தது. வேலியோரத்துக் கோழிகள் சிதறி ஓடின.

"அடேங்கப்பா! இதுதான்டா என் கார்!" என்று சிகாகோவிலிருந்து எஃப்ரைன் கூத்தாடினான். "கமாலியேல் கயிறைச் சுருட்டிக்கிட்டுப் போகட்டும்!"

அத்தருணத்தில், உறுமலின் நடுவே, ஒரு சேவல் கூவியது. கூவி முடிக்கையில் ஒரு விக்கல் விக்கியது.

காசியானோ உறைந்து நின்றார். பின்னர் ஒரு கையில் தொலைபேசியுடன், மறு கையால் மெல்லப் பானட்டை உயர்த்தினார்.

உள்ளே இன்ஜின் இல்லை. அது எண்ணெயின்றிக் கருகி, எரிபெர்த்தோவின் கொல்லைப்புறத்தில் துண்டு துண்டாகக் கிடந்தது. அதன் இடத்தில் அமர்ந்திருந்த நான்கு ஸ்பீக்கர்கள், எஃப்ரைன் சிகாகோவுக்குப் புறப்பட்ட காலையில் பதிவு செய்த உறுமலை முழங்கிக்கொண்டிருந்தன. பழைய ஸ்பீக்கர்கள் விழுங்கிவந்த சேவலின் குரலைப் புதியவை அப்படியே கக்கிவிட்டன.

கண்ணாடிக்குப் பின்னால் எரிபெர்த்தோ இரு கைகளையும் கூப்பினான்.

"காசியானோ மாமா, நம்ம கர்னலும் கூவறானே! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான் எஃப்ரைன்.

முதியவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்ல மாப்ளே" என்றவர், தொலைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு எரிபெர்த்தோவின் பக்கம் குனிந்தார்: "டேய், இன்னும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டுடா!"