இன்னொரு சுற்று

"வட்ட விளக்கு, அந்தக் காலத்து டேங்க். ஆனா முறுக்கினா பிச்சுக்கிட்டுப் பறக்கும்ணே!" என்றபடி விற்பனையாளர் பைக்கின் பின்னால் ஏறினார். ஓட்டிப் பார்ப்பவரோடு கடை ஆளும் போகவேண்டும் என்பது விதி.

ஓட்டிப் பார்க்க வந்த கொத்தனார் பறக்கவில்லை, மெல்ல உருட்டினார்.

"முதுகு நோகுதாண்ணே?"

"மெத்தை மாதிரி இருக்கு. எஞ்சினும் அடக்கமாத் துடிக்குது, பேசுறது நல்லாக் கேக்குது. உங்க மாமியார் கதைய முடிங்க தம்பி."

விற்பனையாளர் மாமியாரை வறுத்தெடுத்தார். கொத்தனார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இன்னொரு சுற்று போகலாமா?"

போனார்கள். கடைக்குத் திரும்பியதும், "எடுத்துரலாமாண்ணே?" என்றார் விற்பனையாளர் ஆசையோடு.

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி."

கொத்தனார் தெருமுனை திரும்பினார். போன மாதம் வேறு கடையில் அவர் வாங்கிய அதே ரக வண்டி அங்கே நின்றது. பின்சீட்டின் பாலித்தீன் உறை இன்னும் கசங்கக்கூட இல்லை.