காலி வண்டியின் எடை

லாரி விளையாட்டில் ஜெபராஜ் ஆறு டிரைவர்களை வேலைக்கு வைத்திருந்தார். எல்லாரும் கணினிக்குள் இருக்கும் ஆட்கள்தான். அவருடைய ஊரான சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றிப் போய்க் கோட்டயத்தில் இறக்கிவிட்டு வருவார்கள்.

அன்று மத்தியானம் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஐந்தாம் வண்டி நாற்பத்தாறு கிலோ சுமை காட்டியது.

“ஏலே, கேபின்ல ஆள் ஏத்தாதன்னு சொன்னா கேக்க மாட்டியா?” என்று திரையைத் திட்டினார். நிஜ லாரி வைத்திருந்த காலத்துப் பழக்கம். டிரைவரை நீக்கும் பொத்தானுக்கு அம்புக்குறியை நகர்த்தினார்.

காபியோடு வந்த மனைவி மகிமா எட்டிப் பார்த்தாள்.

“எங்கன இருந்து வருது?”

“கோட்டயம். குமுளி தாண்டிட்டான்.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “கோட்டயம் ஆஸ்பத்திரியில கடைசியா எடை போட்டப்ப நம்ம ஜாய்ஸ் நாப்பத்தாறுதான்.”

மகளை அடக்கம் செய்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

“கிறுக்குத்தனமா பேசாத, மகிமா.”

“பேசிட்டுப் போறேன். மலையில வச்சு அவனை நீக்கிட்டா பிள்ளை எப்பிடி வந்து சேருவா?”

ஜெபராஜ் கையை எடுத்துக்கொண்டார். வண்டி கம்பத்தைத் தாண்டியது; உத்தமபாளையத்தைத் தாண்டியது.

“நம்ம தெருவுக்குள்ள லாரி திரும்பாது” என்று சொல்லிவிட்டு மகிமா பைபாஸுக்கு நடந்தாள்.

நாலரை மணிக்கு எடை பூஜ்யமானது. உடனே போன் அடித்தது.

“ஏங்க, இறங்கிட்டா. நடக்க முடியலையாம். ஸ்கூட்டரை எடுத்துட்டு வாங்க.”

அதில் மூன்று பேர் உட்கார முடியுமா என்று யோசித்தபடி ஜெபராஜ் செருப்பை மாட்டினார்.