மடக்கு போன்காரர்

'கஷாக்!'

மூச்சு விடவும் இடமில்லாத காலை நேர ரயிலில், அந்தச் சத்தம் துல்லியமாகக் கேட்டது. செல்போன் கேமராவின் சத்தம்.

ஹிஸாயே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அவளோடு வேலை பார்க்கும் ஃபுமிகா எப்படியோ இடம் பிடித்து உட்கார்ந்து, தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஹிஸாயேயைத்தான் கூட்டம் மூன்று ஆள் தள்ளி ஒதுக்கியிருந்தது. ஃபுமிகாவுக்கு முன்னால் கசங்கிய சட்டையில் ஓர் ஒல்லி மனிதர். கையில் மடக்கு போன், திறந்தபடி, ஃபுமிகா இருந்த பக்கமாக.

தூங்குகிற பெண்ணைப் படம் பிடிக்கிறானா! ஹிஸாயேக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெட்டியில் எல்லோரும் அந்த ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்ததோடு சரி. எங்கள் ஊர் ரயிலில் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்பார்கள். வாய் விட்டுச் சண்டை போட யார் வருவார்கள்?

ஹிஸாயேக்கும் வாய் வரவில்லை. அடுத்த ஸ்டேஷன் அகபானே. கதவு திறந்தால் ஆள் கம்பி நீட்டிவிடுவான். அப்புறம் ஃபுமிகாவின் படம் எந்தக் கண்றாவி இடத்தில் எல்லாம் சுற்றுமோ!

இந்தச் சத்தத்தை அவள் எத்தனை முறை திட்டியிருக்கிறாள்! ராமென் நூடுல்ஸ் கடையில் கிண்ணத்தைப் படம் எடுத்தால் கடையே திரும்பிப் பார்க்கும். நிறுத்தவும் வழியில்லை, யாரும் திருட்டுப் படம் எடுக்கக் கூடாதென்று இந்த நாட்டில் விற்கிற போன் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்கிறார்கள். அவள் தம்பி தாய்வானில் வாங்கி வந்த போன் மட்டும் கமுக்கமாகப் படம் எடுக்கும். அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள், இன்று மனசுக்குள் இந்தச் சத்தத்தைக் கும்பிட்டாள்.

வண்டி நின்றது. இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அந்த ஆளின் கையைப் பிடித்துவிட்டாள்.

"இறங்குங்க! இப்பவே!"

"என்னக்கா, என்ன ஆச்சு?" ஃபுமிகா திடுக்கிட்டு விழித்தாள்.

"இந்தாள் உன்னைப் போட்டோ எடுத்திருக்கான்டி!"

அந்த ஆளை ஒட்டி நின்றிருந்த கோட்டுக்காரர் சட்டென்று சேர்ந்துகொண்டார். "ஆமா மேடம், நானும் பார்த்தேன். இவரேதான். விடாதீங்க!"

அப்பாடா, இத்தனை பேரில் ஒருத்தராவது வாயைத் திறந்தாரே என்றிருந்தது ஹிஸாயேக்கு. நால்வரும் பிளாட்பாரத்தில் இறங்கினார்கள்.

"போனைக் குடுங்க."

ஒல்லி மனிதர் போனை மடக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ஸ்டேஷன் ஆபீஸுக்கு வரேன். போலீஸ் வந்தாதான் திறப்பேன்."

"திமிரைப் பாரு!"

"இவரும் வரணும்." அவர் கோட்டுக்காரரின் கோட்டு நுனியைப் பிடித்தார். "சாட்சி வராம நான் ஒரு அடி நகர மாட்டேன்."

"எனக்கு மீட்டிங் இருக்கு. நீங்களே பார்த்துக்கங்க மேடம்."

"கொஞ்சம் வந்துட்டுப் போங்க சார். நீங்க சொன்னாதான் எடுபடும்," என்று ஹிஸாயே கெஞ்சினாள். பிளாட்பாரமே பார்த்துக்கொண்டிருந்தது. கோட்டுக்காரர் வாட்சைப் பார்த்தார், உதட்டைக் கடித்தார், வேறு வழியில்லாமல் வந்தார்.

ஆபீஸில் ஸ்டேஷன் அதிகாரி பேர் கேட்டார்.

"முரோய்."

"எங்க வேலை?"

அவர் தலை குனிந்தார். கம்பெனிக்கு ஒரு போன் போனால் போதும், வேலையும் போய்விடும், பேரும் நாறிவிடும். அது ஹிஸாயேக்கும் தெரியும். இருந்தும் விடவில்லை.

"சொல்லுங்களேன், இப்ப மட்டும் என்ன வெட்கம்? ஊரே புதுப் போன் வாங்கிடுச்சு. இன்னும் மடக்கு போன், அதுல இந்தப் புத்தி வேற!"

முரோய் போனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கதவோரம் நின்ற கோட்டுக்காரருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "நான் கிளம்பட்டுமா? நேரமாச்சு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாகப் போலீஸ்காரர் வந்தார். முரோய் இரண்டு கையாலும் போனை நீட்டினார். போலீஸ்காரர் திறந்து பார்த்தார். நிமிர்ந்து ஒருமுறை எல்லோரையும் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"மேடம், நீங்களும் பாருங்க."

கை நடுங்கி எடுத்த படம். ஃபுமிகா இருந்த இருக்கையே அதில் இல்லை. இருந்தது ஒரு கறுப்புக் கோட்டுக் கை. அந்தக் கையில், கீழே சரித்துப் பிடித்த ஒரு மெல்லிசான போன். அந்தப் போனின் திரை முழுக்கத் தூங்கும் ஃபுமிகா.

ஹிஸாயே திரும்பினாள். கோட்டுக்காரரின் கை கதவுப் பிடியில் இருந்தது. ஸ்டேஷன் அதிகாரி போய்க் குறுக்கே நின்றார்.

"உங்க போன் எங்க வாங்கினது சார்?" என்றார் போலீஸ்காரர்.

"ஹாங்காங்ல..."

"அதான் சத்தமே போடலை. குடுங்க இப்படி."

ஃபுமிகா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஹிஸாயேக்கு அவமானத்தில் உடம்பே எரிந்தது. முரோய் முன்னால் போய் இடுப்பு வளையக் குனிந்தாள்.

"மன்னிச்சிடுங்க. என்னென்னவோ பேசிட்டேன்... ஏங்க, ரயில்லயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்க வேலை போயிருந்தா என்ன பண்ணுவீங்க?"

முரோய்க்குக் காது மடல் சிவந்துவிட்டது. போனை மடக்கிப் பையில் வைத்தார்.

"பிளாட்பாரத்துல சொல்லியிருந்தா அவர் படத்தை அழிச்சிட்டு ஓடியிருப்பார். ரயில்ல அவர் எடுக்கறதைப் பார்த்ததும் கத்தணும்னுதான் நினைச்சேன் மேடம். குரலே வரலை. அமுக்கினா இந்தப் போன் கத்தும்னு தெரியும். அதான் அமுக்கிட்டேன்."