எர்த் ஒயர்

"ரெண்டு ஃபேனையும் போடு" என்றான் அவன், காரின் பானட்டுக்குள் தலையை விட்டபடி.

ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தவள் ஸ்விட்சைத் தட்டினாள்.

"மீட்டர் பதினாலு வோல்ட் காட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்ப பதினொண்ணு. ஹெட்லைட்டும் அழுது வடியுது."

"அதான் சிக்னல்ல நின்னா வண்டி ஆஃப் ஆயிடுது. பெரிய இன்ஜின் வெச்சேன். அது சூடாகாம இருக்க ரெண்டு ஃபேன் வெச்சேன். பேட்டரியில இருந்து பாடிக்குப் போற எர்த் ஒயரை மட்டும் மாத்தல. நூல் மாதிரி இருக்கு, இவ்வளவு கரண்ட்டைத் தாங்குமா?"

"ஞாயித்துக்கிழமையெல்லாம் இதுக்கடியிலதானே படுத்துக் கிடந்தீங்க? அப்பல்லாம் கண்ணுல படலையா?"

"ஆரம்பிச்சிட்டியா? அந்த ஸ்பேனரை எடு."

"இதை எடுத்துக் குடுக்கத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்க." முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்து கொடுத்தாள்.

விரல் தடிமனுக்கு ஒரு புது ஒயரை அவன் மாட்டி முடித்தான். அவள் மறுபடி ஃபேனைப் போட்டாள். மீட்டர் முள் பதினாலை விட்டு அசையவில்லை.

பானட்டை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். சாவியைக் கேட்கவில்லை. நேற்று வந்த விவாகரத்துத் தீர்ப்பில் கார் அவளுக்கென்று ஆகிவிட்டது.

"பாப்பாவை ஏத்திக்கிட்டுப் போவே. நடுரோட்டுல நின்னுட்டா உடனே எனக்கு போன் பண்ணு."

"இனிமே எதுவா இருந்தாலும் வக்கீல் மூலமாத்தான் பேசணும்னு சொல்லிட்டாங்களே" என்றாள் அவள், அவனைப் பார்க்காமல்.

அவன் வாசல்வரை போனான். பிறகு திரும்பி வந்தான்.

"எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடறேன்" என்று பானட்டைத் திறந்தான்.